இல்லை என்றதற்கு ஒரு கும்பிடு

திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் சபைக்குள் நுழையும் மெம்பர்கள் கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். என் கணவருக்கு இரண்டும் கிடையாது. நாகர்கோவிலில் வக்கீலாக இருந்த என் பெரியப்பா மகனிடம் கறுப்புக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கினோம். அண்ணன் ஒல்லி. இவர் தோப்பில் மண்வெட்டி பிடித்து வளர்ந்த உடம்பு. பொத்தான் போட்டால் மூச்சு முட்டும், போடாவிட்டால் மரியாதைக் குறைவு. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, இதப் போட்டுக்கிட்டு நான் பேசவும் செய்யணுமா, இல்ல சும்மா நின்னாப் போதுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு சபை சம்பந்தமான எதற்கும் நான் சிரித்ததாக நினைவில்லை.

இருபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எங்கள் ஊர் நாகர்கோவிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் இருந்தன. நான் மிஷன் போர்டிங்கில் படித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருந்தேன். திருவனந்தபுரத்தில் பயிற்சிக்குப் போயிருந்ததால் ஆங்கிலத்தோடு மலையாளமும் தெரியும். என் கணவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியவர். தமிழ் நன்றாக வாசிப்பார். வியாபாரத்துக்கு வேண்டிய அளவு மலையாளம் பேசுவார். ஆங்கிலம் அறவே தெரியாது.

அவர் மெம்பரானது ஆசைப்பட்டு அல்ல. ஊரில் இரண்டு பெரிய குடும்பங்கள் அந்த இடத்துக்காக மோதிக்கொண்டன. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் தொந்தரவு தராத ஆள் என்று இவரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஓட்டு எல்லாருக்கும் கிடையாது. நிலவரியாகக் கரம் கட்டும் அளவுக்கு நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். என் அம்மா வழியில் வந்த வயல் என் பேரில் இருந்ததால் எனக்கும் ஓட்டு இருந்தது. போட்டேன். எங்கள் தெருவைத் தாண்டினால் ஓட்டு உள்ள வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வருஷம் மழை பிடித்திருந்த ஒரு நாள் மத்தியானம், பனை ஏறும் ஒருவர் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் ஏறி வரவில்லை. அவருடைய மனைவி முந்தின வாரம் பிரசவத்தில் இறந்துபோனதை ஊரே அறியும். வலி கண்டு நெடுநேரமாகியும் பிள்ளை வராததால், கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, அடுத்த ஊரில் இருந்த சர்க்கார் தர்மாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே கம்பவுண்டர் மட்டும் இருந்திருக்கிறார். டாக்டர் இல்லை. மாட்டுவண்டி பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகும் வழியில், பாதித் தூரத்தில், தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அவர் அழவில்லை. மழையில் நனைந்துகொண்டே பேசினார்.

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டருக்க பேரு எழுதி பலகை தொங்குது, ஐயா. அந்த ஆள இங்க ஒருத்தனும் கண்டதில்ல. தொறந்த அண்ணைக்கு வந்தாராம். அதோட சரி."

"அது எனக்கும் தெரியும்," என்றார் என் கணவர்.

"நான் ஒண்ணு கேக்கட்டா? எனக்கு ஓட்டு கெடையாது. கரம் கட்ட நெலம் கெடையாது. நான் ஏறுத பனைகூட எனக்குள்ளது இல்ல. ஆனாலும் நீங்க எனக்கும் மெம்பருதானா? இல்ல, நெலம் உள்ளவங்களுக்கு மட்டுமா?"

என் கணவர் மழையில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். பிறகு, "எனக்கே தெரியல்ல. கேட்டுப் பாக்கேன்," என்றார்.

சபை வருஷத்துக்கு ஒருமுறைதான் கூடும்; ஒரு மெம்பர் ஒரு கூட்டத்தில் இரண்டு விஷயங்களைத்தான் சபையின் முன்னால் வைக்கலாம். ஒன்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது: எங்கள் பக்கத்துக் கால்வாயில் தூர் எடுப்பது. அது ஓட்டுப் போட்டவர்களின் காரியம். இரண்டாவதாகச் சந்தைக்குப் போகும் சாலையைக் கேட்பதாக இருந்தது. அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியைக் கேட்கப் போகிறேன் என்று இவர் சொன்னதும், தேர்தலில் இவருக்காக அலைந்த மளிகைக்கடைக்காரர் கோபப்பட்டார். அவர் இவருடைய சின்ன வயதுச் சிநேகிதர்.

"வேய், ரோடு கேட்டா நாலு பேரு நல்லவன்னு சொல்லுவான். ஆஸ்பத்திரிக்குப் போறவனெல்லாம் ஓட்டு இல்லாதவனாக்கும்."

"அதுக்காக அவன் சாவணுமா?"

"நான் அப்பிடிச் சொன்னேனா? உமக்கு ஆதாயம் உள்ளதப் பாரும்ணு சொன்னேன்."

ஆனாலும் சிநேகிதர் இவரைக் கைவிடவில்லை. கூட்டத்தைப் பார்க்க அவரும் திருவனந்தபுரத்துக்கு வந்தார்.

போவதற்கு முன்பு பல நாட்கள் வீட்டில் பயிற்சி நடந்தது. என் கணவர் தமிழில் பேசலாம், அதற்குத் தடையில்லை. என்ன பேச வேண்டும் என்பதை நான் எழுதிக் கொடுத்தேன். அடுக்களைக்கும் தோப்புக்கும் நடந்து நடந்து மனப்பாடம் செய்தார். கேள்வியை அப்படிப் பழக்கிய நான், பதில் எந்த மொழியில் வரும் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

சபை கூடிய மண்டபம் உயரமானது. பார்வையாளர்கள் உட்காரும் மாடத்தில் பெண்கள் நாலைந்து பேர்தான் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் பட்டுக்கரை முண்டு உடுத்த ஒரு அம்மாள், யாரோ உத்தியோகஸ்தரின் மனைவி, விசிறிக்கொண்டிருந்தாள். மெம்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து முதலில் மகாராஜாவை வாழ்த்தினார்கள். பிறகு குறையைச் சொன்னார்கள். அதிகாரி ஒருவர் எழுந்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மெம்பர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். திருவிழாவில் தேர் நகர்வதுபோல அது மெதுவாக, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

என் கணவரின் முறை வந்தது. கால்வாய் விஷயத்தை ஒழுங்காகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நான் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டார். கட்டிலில் தூக்கிப்போனதைச் சொன்னார். எங்கள் ஊர்ப் பேச்சில், இழுத்து இழுத்து, வீட்டில் பேசுவதுபோலவே சொன்னார். கீழே சில மெம்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அந்தப் பேச்சும், முதுகில் இழுத்துப் பிடித்த அந்தக் கோட்டும், நெற்றி வேர்வையும் எல்லாம் சேர்ந்து என்னைக் குன்ற வைத்தன; நான் வேறு யாரோடோ வந்தவள்போல இருக்க ஆசைப்பட்டேன்.

அதிகாரி எழுந்தார். பதில் நீளமில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஒருவர் நியமிக்கப்பட்டு, அந்தப் பதவியிலேயே இருக்கிறார். ஆகவே டாக்டர் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. சர்க்கார் இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நல்ல ஆங்கிலம். குரலில் மரியாதை குறையவில்லை.

என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. டாக்டர் என்ற சொல் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஊர்ப் பெயர் கேட்டிருக்கிறது. அதிகாரியின் குரலில் கோபம் இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு, "சர்க்காருக்கு எங்க ஊரு சனங்களுக்க நன்றி. ஏழைகளுக்கக் கண்ணீரத் தொடச்சிட்டிய. கோடி நன்றி," என்றார்.

பிறகு சபை முழுவதும் மேசையைத் தட்டியது. சிரிப்பும் கலந்திருந்தது. அதைப் பாராட்டு என்று நினைத்து இவர் நாலா பக்கமும் திரும்பி இன்னொரு முறை கும்பிட்டார். மாடத்தின் மறுபக்கத்தில் எங்கள் மளிகைக்கடைக்காரரும் எழுந்து கும்பிட்டார்.

பக்கத்து அம்மாள் விசிறியை வாயில் வைத்துக்கொண்டு என்னிடம், "பாவம். மனசிலாயில்ல," என்றாள்; அவருக்குப் பதில் புரியவில்லையாம். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் என் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மளிகைக்கடைக்காரர் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். நாங்கள் மறுநாள் காலையில் புறப்பட்டோம். வழியெல்லாம் இவர் பேசிக்கொண்டே வந்தார். டாக்டர் எந்த மாதம் வருவார், அவருக்கு வாடகை வீடு எங்கே பார்ப்பது, சாப்பாட்டுக்கு அவர் சைவமாக இருந்தால் என்ன செய்வது. நெய்யாற்றங்கரை போனது, பாறசாலை போனது. ஒவ்வொரு ஊரிலும் அடுத்த ஊரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். குழித்துறையில் பஸ் நின்றது. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சாயாக்கடை. அங்கே வைத்துச் சொன்னேன்.

"அவங்க டாக்டர் வருவாருண்ணு சொல்லல்ல."

"பொறவு?"

"ஏற்கெனவே இருக்காருண்ணு சொன்னாங்க. அதனால செய்யதுக்கு ஒண்ணும் இல்லண்ணு சொன்னாங்க."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "இல்லண்ணா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப நான் எதுக்கு நன்றி சொன்னேன்?"

நான் சாயாவுக்குக் காசை எடுத்து வைத்தேன்.

"அதுக்கா அவங்க தட்டினாங்க?" என்றார். பிறகு எழுந்து ஆற்றைப் பார்க்கப் போவதுபோலப் போய், பஸ் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார்.

நாகர்கோவில் வடசேரியில் பஸ் நின்றபோது மேளச் சத்தம் கேட்டது. யாருக்கோ கலியாணம் என்று நினைத்தேன். எங்களுக்குத்தான். மளிகைக்கடைக்காரர் முந்தின நாள் ஊருக்குப் போய்ச் செய்தி சொல்லி, ஆட்களைத் திரட்டி, பிச்சிப்பூ மாலையோடு வந்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்றார்கள். காய்கறிச் சந்தைக்கு வந்த சனமும் கூடிவிட்டது. எல்லாருக்கும் பின்னால், ஒரு வண்டியை ஒட்டி, அந்தப் பனையேறும் மனுஷர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

பஸ்ஸின் படியில் வைத்தே மாலை விழுந்தது. "நம்ம மெம்பரு சபையையே எழுப்பிப்போட்டாரு! நான் கண்ணால கண்டேன்லா!" என்று மளிகைக்கடைக்காரர் கத்தினார்.

என் கணவர் மாலையைக் கழற்றினார். படியை விட்டு இறங்கவில்லை.

"மேளத்த நிறுத்தச் சொல்லுங்க," என்றார். நின்றது. "டாக்டரு வரமாட்டாரு. அவரு இங்க இருக்காருண்ணு சர்க்காரு சொல்லிப்போட்டுது. அவங்க சொன்ன இங்கிலீசு எனக்கு மனசிலாகல்ல. இல்லண்ணு சொன்னவங்களக் கும்பிட்டு நன்றி சொல்லிட்டு வந்திருக்கேன். இதாக்கும் நடந்தது."

மேளக்காரர் ஒருவர் கழுத்திலிருந்த வாரைச் சரிசெய்தார். மளிகைக்கடைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "வேய், இத வீட்டுல வந்து சொல்லப்படாதா? இவ்வளவு பேருக்க முன்னால என்னையும்லா நாறடிச்சிட்டீரு," என்றார்.

கூட்டம் பைய விலகியது. நான் பின்னால் பார்த்தேன். வண்டியை ஒட்டி நின்றவர் போய்விட்டிருந்தார்.

அன்றைக்கு உண்மையைச் சொன்னதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கும்பிட்டதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "நன்றி மெம்பர்" என்ற பெயர் ஒரு வாரத்துக்குள் ஊரில் நிலைத்துவிட்டது. கடையில் யாராவது கடன் தர மறுத்தால் கேட்டவன் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கும்பிடுவான், எல்லாரும் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்குள் நுழையும்போது பின் வரிசையில் ஒரு கிசுகிசுப்பு ஓடும். அறுப்பின் பண்டிகையன்று எங்கள் வேதக்கோவிலில் உபதேசியார், "கர்த்தருக்கு நன்றி செலுத்துவோமாக," என்றபோது ஆண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெண்கள் பக்கத்துப் பாயில் நான் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். என் கணவர் குனியவில்லை என்று பிறகு சொன்னார்கள். நேராகப் பார்த்துக்கொண்டு பாட்டு முழுவதையும் பாடினாராம்.

ஆனால் வீட்டில் அவர் சாப்பாடு குறைந்துபோயிற்று. ஒருநாள் என்னிடம், "நீ மாடத்துல இருந்து பாத்தேல்லா. நான் எப்பிடி இருந்தேன்?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருந்தீங்க," என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் என் குரல் நம்பும்படி இல்லை.

அந்த வருஷம் முழுவதும் சந்தை நாட்களில் அவர் அந்தத் தர்மாஸ்பத்திரிக்குப் போய் வந்தார். கம்பவுண்டர் பயந்துபோனார். "ஐயா, நீங்க இங்க வந்து இருக்காதீங்க. எனக்க வேல போயிரும்," என்பாராம். டாக்டர் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறார், பெரிய உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார், பதவி மட்டும் இங்கே இருக்கிறது என்பதைக் கடைசியில் கம்பவுண்டரே மெல்லச் சொல்லிவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போனேன். இந்த முறை வேறு கோட்டு, சரியான அளவில் தைத்தது. அவர் அதே கேள்வியைக் கேட்டார். அதே அதிகாரி எழுந்து, அநேகமாக அதே வார்த்தைகளில் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இவர் உட்காரவில்லை.

"மெம்பர் உட்காரலாம்," என்றார் தலைமை வகித்தவர்.

"எனக்கு மனசிலாகல்ல. தமிழ்ல சொல்லணும்."

பழைய கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிரிப்பு எழுந்தது. எங்கள் பக்கத்து மெம்பர் ஒருவர், தலைவர் கேட்டுக்கொண்டதால் எழுந்து, பதிலைத் தமிழில் சொன்னார்: டாக்டர் நியமிக்கப்பட்டிருக்கிறார்.

"நியமிச்சது எனக்கும் தெரியும். நியமிச்ச ஆளு எங்க இருக்காரு?"

அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. பக்கத்து மெம்பர் தயங்கிக்கொண்டே சொன்னார்: "அது வேற கேள்வியாம். அதுக்குத் தனியா முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணுமாம்."

"எழுதிக் கொடுத்தா?"

"அடுத்த கூட்டத்துல பாக்கலாமாம்."

"அடுத்த வருஷமா? அதுவர பேறுகாலத்துக்கு உள்ளவங்க காத்திருப்பாங்களா?"

மணி அடித்தது. இவர் நின்றார். மறுபடியும் மணி அடித்தது. பக்கத்து மெம்பர் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தார். இவர் உட்கார்ந்ததும் அடுத்த மெம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் தன் ஊரில் போட்ட சாலைக்காக சர்க்காருக்கு நீண்ட நன்றி சொன்னார். சபை மேசையைத் தட்டியது. அந்தத் தட்டலில் ஒரு சிரிப்பும் இல்லை.

போன வருஷம் நான் அவருக்காக வெட்கப்பட்டேன். இந்த முறை அந்த மாடத்தில் உட்கார்ந்திருப்பதற்கே வெட்கமாக இருந்தது. இந்த இடத்துக்கு ஆள் அனுப்பத்தான் நாங்கள் கோவிலுக்குப் போவதுபோலக் குளித்து, நல்ல சேலை உடுத்தி, ஓட்டுப் போடப் போனோம்.

கேள்வி வீணாகவில்லை என்று கொஞ்ச நாள் நினைத்தோம். சில மாதங்கள் கழித்து மேலதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அன்று காலை டாக்டரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த, சாதுவான முகம். நானும் என் கணவரோடு போயிருந்தேன்.

மேலதிகாரி கூட்டத்தைப் பார்த்து மலையாளத்தில், ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் முந்திக்கொண்டு, "ஒரு கொறையும் இல்ல, எசமான்," என்றார்கள். மளிகைக்கடைக்காரரும் சொன்னார். அவர்களில் பாதிப் பேர் என் கணவரிடம் வந்து புலம்பியவர்கள்.

என் கணவர் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து பனையேறும் மனுஷர் முன்னால் வந்தார். மார்பில் பனை உராய்ந்த தழும்பு. மேல்துண்டு இல்லை.

"எனக்க பெண்டாட்டியக் கொண்டுவந்தப்ப இந்தக் கசேர சும்மா கெடந்துது," என்றார். "அண்ணைக்கு இவரு இருந்திருந்தா அவ இருந்திருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா இவரு இல்ல."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். டாக்டரும் பார்த்தார். "அவன் சொல்லுதது நெசம்," என்று என் கணவர் உரக்கச் சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை. மேலதிகாரி "ஓகோ" என்றார். கொஞ்சம் நின்று, சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, காரில் ஏறினார். அடுத்த வாரம் நாற்காலி மறுபடியும் காலியாகிவிட்டது.

தவணை முடிந்து தேர்தல் வந்தது. இவர் மறுபடியும் நின்றார். நான் வேண்டாம் என்றேன். "இப்ப விட்டா அந்தக் கும்பிடுதான் மிச்சம்," என்றார். தோற்றுப்போனார், நெருக்கமாகக்கூட இல்லை. ஓட்டு உள்ளவர்கள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது: கால்வாய் தூர் எடுக்கவில்லை, சாலை வரவில்லை, இவர் இரண்டு வருஷமாக எங்களுக்குச் சம்பந்தமில்லாத காரியத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். இவருக்காக உண்மையில் கவலைப்பட்டவர்கள் ஓட்டுப்பெட்டி இருந்த கட்டடத்துக்கு வெளியே, சாலையின் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவர் பெரிய குடும்பத்துக்காரர். நல்ல ஆங்கிலம் பேசுவார். எனக்குத் தெரிந்து சபையில் எதையும் கேட்டதில்லை.

முப்பதுகளின் நடுவில் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் நிஜமாகவே வந்தார். அதிகாரிகள் மாறியதாலா, பழைய கேள்வி எங்கோ ஒரு மேசையில் கிடந்து விழித்துக்கொண்டதா, யாருக்கும் தெரியாது. புதிய மெம்பர் முயற்சியால் வந்தது என்று ஊரில் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். என் கணவரையும் கூப்பிட்டார்கள். போகமாட்டார் என்று நினைத்தேன். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் கை தட்டும்போது இவரும் தட்டினார். "டாக்டரு வந்தாச்சுல்லா," என்றார் என்னிடம்.

அந்த மழைக்காலத்தில் இவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் பெரிய வரிசை. பிள்ளையைத் தோளில் போட்டிருந்த பெண்கள், உப்பளத்து ஆட்கள், பனையேறிகள். இவரை முன்னால் விட ஒருவர் ஒதுங்கினார். இவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வரிசையிலேயே நின்றார். டாக்டர் சின்ன வயது, வேறு பக்கத்துக்காரர், எங்களைத் தெரியாது. நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பெயரைக் கேட்டார். பிறகு, "என்ன ஜோலி?" என்றார்.

பின்னால் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

"தோப்பு வேல," என்றார் என் கணவர்.

டாக்டர் மருந்துக்கு எழுதிக் கொடுத்தார். கம்பவுண்டர் ஜன்னலுக்கு நகர்ந்தோம். அங்கேயும் ஒரு வரிசை இருந்தது.